எல்லோரும் கிளம்பிய வருடம் வந்தவள்

நாங்கள் பிஜித் தீவில் நவுவாவுக்கு வந்து ஐந்தாவது வாரம் ராணுவம் நாடாளுமன்றத்துக்குள் நுழைந்தது. நான் அப்போது கொல்லைப்புறத்தில் துணி அலசிக்கொண்டிருந்தேன். ரேடியோவில் பேச்சு நின்றுபோய் வெகுநேரமாக வெறும் பாட்டாகவே போய்க்கொண்டிருந்ததை நான் கவனிக்கவில்லை. வேலிக்கு அந்தப் பக்கத்து வீட்டு அக்கா வாத்துகளை அவசர அவசரமாகக் கூண்டுக்குள் விரட்டிக்கொண்டே, "தங்கச்சி, உள்ள போ. சுவாவுல சிப்பாய்ங்க கெவர்மென்ட்ட பிடிச்சுட்டாங்கோ" என்றார். துணியைப் பிழிவதா, அப்படியே விடுவதா என்று தெரியாமல் நின்றேன். வாத்தையே பூட்டுகிறார் என்றால் பெரிய விஷயமாகத்தான் இருக்கும் என்று மட்டும் தோன்றியது.

அது எண்பத்தேழாம் வருடம். அரசாங்கத்தில் இந்தியர்கள் அதிகம் என்று சொல்லித்தான் பிஜிய ராணுவம் அதைக் கவிழ்த்தது; அதன்பின் இந்தியர்கள் கூட்டம் கூட்டமாக வெளிநாடு கிளம்பினார்கள். எனக்கு இருபத்து நான்கு வயது, கல்யாணமாகி ஏழு மாதம். ஆற்றுக்கு அக்கரையில் இருந்த உயர்நிலைப் பள்ளிக்குக் கணக்கு வாத்தியார் வேண்டுமென்று என் கணவரை மூன்று வருட ஒப்பந்தத்தில் கூப்பிட்டிருந்தார்கள். அந்தக் கடிதத்தின் கடைசியில் ஒரு வரி இருந்தது: தங்கள் மனைவிக்கும் பள்ளி அலுவலகத்தில் தட்டச்சர் வேலை தரப்படும். கரூரில் இன்ஸ்டிட்யூட்டுக்குப் போய் இங்கிலீஷ், தமிழ் இரண்டிலும் ஹையர் பாஸ் செய்தவள் நான். அம்மா அழுதபோதுகூட அந்த ஒரு வரியைத்தான் காட்டினேன். "சும்மா போகலம்மா, வேலைக்குப் போறேன்."

வந்த முதல் வாரமே பள்ளிக் கமிட்டித் தலைவர் வீட்டுக்கு வந்து டீ குடித்துவிட்டு, அடுத்த மாதம் சேர்ந்துகொள்ளலாம் என்றார். அடுத்த மாதம்தான் ராணுவம் வந்துவிட்டதே. புதிதாக யாரையும் எடுக்கக் கூடாதென்று மேலிடத்து உத்தரவு என்றார்கள். இரண்டு மாதத்தில் அங்கே இருந்த கிளார்க் வான்கூவர் போய்விட்டார். நாற்காலி காலி, மெஷின் காலி. ஆனாலும் என்னை எடுக்க முடியாது. கேட்கலாமென்று தலைவர் வீட்டுக்குப் போனால், சாமான்களை மரப்பெட்டியில் வைத்து ஆணியடித்துக்கொண்டிருந்தார். சிட்னிக்குப் போகிறாராம். "நீங்க ஒண்ணும் கவலைப்படாதீங்கம்மா, எல்லாம் சரியாயிடும்" என்று எனக்குத் தைரியம் சொன்னார்.

விசா முத்திரைக்காகத் தலைநகர் சுவாவுக்குப் போனபோதும் இதே கதைதான். வெளியே போகிறவர்களின் வரிசை கட்டடத்தைச் சுற்றி வளைந்து தெருவரை நின்றது. எங்கள் வரிசையில் நாங்கள் இரண்டு பேர். மேஜைக்குப் பின்னால் இருந்தவர் கடவுச்சீட்டைப் புரட்டிவிட்டு, "போகிற வரிசை அந்தப் பக்கம்" என்றார். நாங்கள் இருக்க வந்தவர்கள் என்று என் கணவர் சொன்னதும், அடுத்த மேஜைக்காரரைக் கூப்பிட்டு எங்களைக் காட்டினார். இருவரும் சிரித்தார்கள். கெட்ட சிரிப்பு இல்லை. என்னாலும் சிரிக்க முடிந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

அந்த வருடத்தில் எனக்கென்று இருந்தது பக்கத்து வீட்டு அக்கா ஒருவர்தான். நாற்பத்தைந்து வயதிருக்கும். அவருடைய தாத்தா மதராஸிலிருந்து கரும்பு வெட்டக் கப்பலேறி வந்தவர், பிற்பாடு மெதடிஸ்ட் கிறிஸ்தவர் ஆனவர். அக்காவின் கணவர் சுவாவுக்கும் நவுவாவுக்கும் இடையே பஸ் ஓட்டினார். அந்த வீட்டில் பேசுவதெல்லாம் பிஜி இந்திதான். பதினேழு வயது மகளுக்குத் தமிழில் எண்ணக்கூடத் தெரியாது. அக்காவுக்கு மட்டும் தமிழ் இருந்தது. அப்பா தினமும் வேதம் வாசித்துக் கேட்டு வந்த தமிழ். அதனால் அவர் பேச்சில் பழைய மதராஸ் தெருவும் கோயில் பிரசங்கமும் இந்தியும் கலந்து வரும்.

முதல் நாள் வேலியோரம் நின்று, "தங்கச்சி, சா குடிக்கிறியா?" என்று கேட்டார். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. சா என்றால் அவர்களுக்கு டீ. தினமும் மத்தியானம், "சோறு புசிச்சியா?" என்பார். நான் சிரித்தால், "என்னா? தப்பா?" என்று அவரும் சிரிப்பார். "தப்பில்லக்கா. எங்க ஊர்ல யாரும் அப்படிப் பேசறதில்ல, அவ்வளவுதான்." "அப்ப உங்க ஊர்ல தமிள் கெட்டுப்போச்சு" என்றார் ஒருநாள், ரொம்பவும் வருத்தமாக.

விண்ணப்பங்கள் அடிக்கிற வேலை அவரால்தான் ஆரம்பித்தது. கிளார்க் போனபின் மெஷின் துருப்பிடிக்கிறதே என்று என் கணவர் அதை வீட்டுக்குக் கொண்டுவந்திருந்தார். அக்கா தன் சித்தப்பா மகனுக்காக ஒரு படிவத்தை எடுத்து வந்தார். அவன் கனடா போனான். அவன் சொல்லி இன்னொருவர் வந்தார். பிறகு தினமும் யாராவது. வயலிலிருந்து நேராகச் சேற்றுக் காலோடு வருவார்கள். வாசலில் நின்று காலைக் கழுவிவிட்டு, பிளாஸ்டிக் பையிலிருந்து காகிதங்களை எடுப்பார்கள். நவுவாவில் மழை நிற்காது. காகிதம் நமுத்த அப்பளம் மாதிரி வளையும். கார்பன் தாள் ஈஷிக்கொண்டு வரும். ஒரு எழுத்து தப்பினால் முழுப் பக்கமும் மறுபடி. போகும்போது வாசலில் ஒரு கட்டு கீரையோ, சேம்பு மாதிரியான டாலோக் கிழங்கோ வைத்துவிட்டுப் போவார்கள்.

பெயர்தான் பெரிய தொல்லை. கப்பலில் வந்தவரின் பெயரை எந்தக் குமாஸ்தாவோ காதில் விழுந்தபடி எழுதியிருப்பான். மகனின் பிறப்புச் சான்றிதழில் அது வேறு மாதிரி ஆகியிருக்கும், பேரனின் கல்யாணப் பத்திரத்தில் இன்னொரு மாதிரி. அக்காவின் கணவருக்கு மூன்று காகிதத்தில் மூன்று பெயர்கள். இந்த மூவரும் ஒருவரே என்று சத்தியப் பிரமாணம் அடிக்க வேண்டும். அதை அடித்துக்கொண்டிருந்த அன்று எனக்கு எரிச்சல் தலைக்கேறிவிட்டது.

"எதுக்குக்கா நீங்களும் போகணும்? மூணு தலைமுறையா இருக்கிற ஊரு. நேத்து வந்த நானே இருக்கேன்."

அக்கா அதை வாசல் திண்டில் உட்கார்ந்திருந்த கணவரிடம் இந்தியில் சொன்னார். அவர் இந்தியிலேயே பதில் சொன்னார். அக்கா தமிழில் திருப்பிச் சொன்னார். முந்தின வாரம் பாலத்துச் சோதனைச் சாவடியில் பஸ்ஸை நிறுத்தி அவரை இறங்கச் சொன்னார்களாம். தார் ரோட்டில் வெயிலில் முட்டி போடச் சொல்லி, பஸ் நிறைய ஜனங்கள் பார்க்க, ஒரு மணி நேரம் அப்படியே வைத்திருந்தார்களாம். காரணம் எதுவும் சொல்லவில்லை.

"அந்தத் துப்பாக்கி வச்சிருந்த பையன், இவரு பஸ்லதான் பள்ளிக்கூடம் போனவன். அஞ்சு வருஷம். இவருக்கு அவன் பேரு தெரியும்." அக்கா நிறுத்தி, மடியில் இருந்த சான்றிதழ்களை ஒழுங்காக அடுக்கினார். "அடிச்சிருந்தாக்கூட இவரு போவலாம்னு சொல்லியிருக்க மாட்டாரு, தங்கச்சி."

நான் தலையைக் குனிந்துகொண்டு அடித்தேன்.

செப்டம்பரில் இரண்டாவது தடவையும் ராணுவம் ஆட்சியைப் பிடித்தது. அதன் பிறகு வந்த சட்டத்தில் ஞாயிற்றுக்கிழமை எதுவும் செய்யக் கூடாது. கடை இல்லை, பஸ் இல்லை, விளையாட்டு இல்லை. வயலில் இறங்கியவர்களைக்கூடப் பிடித்துக்கொண்டு போனதாகச் சொன்னார்கள். கர்த்தரை வணங்க மட்டும் வெளியே போகலாம். என் கணவர் வாரம் முழுவதும் தன் வகுப்பு போதாமல், நாட்டை விட்டுப் போன இரண்டு வாத்தியார்களின் வகுப்பையும் நடத்திவிட்டு, ஞாயிறன்று திருத்த வேண்டிய நோட்டுகளோடு உட்கார்ந்துவிடுவார். மழை கூரைத் தகரத்தில் கொட்டும். நான் சுவரைப் பார்த்துக்கொண்டிருப்பேன்.

"திரும்பிப் போயிடலாங்க" என்று எத்தனை தடவை சொல்லியிருப்பேன்!

"வகுப்புல நாப்பது பிள்ளைங்க இருக்கு. பரீட்சை வருது."

"அந்த நாப்பது பேருமே அடுத்த வருஷம் இங்க இருக்க மாட்டாங்க."

"இருக்கிற வரைக்கும் படிக்கட்டுமே" என்பார், நோட்டிலிருந்து தலையைத் தூக்காமல். அந்த நிதானத்தைக் கண்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஒருநாள் சிவப்பு மைப் பேனாவைப் பிடுங்கி ஜன்னல் வழியாக எறிந்தேன். அவர் எழுந்துபோய் மழையில் தேடி எடுத்துவந்து, துடைத்துவிட்டு, மறுபடி திருத்த உட்கார்ந்தார்.

நான் அக்காவோடு தேவாலயத்துக்குப் போக ஆரம்பித்தேன். சாமிக்காக இல்லை. வெளியே நடக்க அனுமதி இருந்த ஒரே காரியம் அதுதான். முக்கால் மணி நேரம் குடை பிடித்துக்கொண்டு நடப்போம். ஆராதனை இந்தியில் நடக்கும். கடைசியில் வயதானவர்கள் நாலைந்து பேர் சேர்ந்து ஒரு ஜெபத்தை மட்டும் தமிழில் சொல்வார்கள். நான் நெற்றியில் பொட்டோடு பின் பெஞ்சில் உட்கார்ந்து அதைக் கேட்டு அழுதேன். "விசனப்படாதே" என்று அக்கா என் முழங்கையைப் பிடித்துக்கொண்டார். அடுத்த ஞாயிறு அந்த நாலைந்து பேரில் ஒருவர் இல்லை. மகளிடம் பிரிஸ்பேன் போய்விட்டாராம்.

நவம்பர் கடைசியில் அக்காவின் விண்ணப்பம் முழுசாகத் தயாரானது. ஆக்லாந்தில் இருந்த தம்பி அழைத்திருந்தார். கணவன், மனைவி, மகள், மூவருக்கும் சேர்த்து ஒரு தடித்த உறை. திங்கட்கிழமை தபாலில் சேர்க்கலாமென்று இருந்தபோது, வேறு தீவில் இருந்த சவுசவுவில் அக்காவின் அப்பா படுத்த படுக்கையாகிவிட்டதாகத் தகவல் வந்தது. அன்றே மூவரும் சுவாவுக்குப் போய்க் கப்பலேற வேண்டும். உறையை என் கையில் கொடுத்தார்.

"ரிஜிஸ்தர் பண்ணிடு தங்கச்சி. ரசீது பத்திரம். உன்ன விட்டா எனக்கு யாரு?"

அந்தக் கடைசி வார்த்தையைத்தான் திரும்பத் திரும்ப நினைத்துக்கொண்டிருந்தேன். எனக்கு மட்டும் யார் இருக்கிறார்கள்?

திங்களன்று தபால் நிலையத்துக்குப் போனேன். ஜன்னலுக்குப் பின்னால் இருந்த பிஜியப் பெண்மணிக்கு என்னை நன்றாகத் தெரியும். வாரம் தவறாமல் அம்மாவுக்கு ஏர்மெயில் போடுகிறவள் அல்லவா நான்? உறையைப் பார்த்ததும் அவருக்கு விளங்கிவிட்டது. "நீங்களுமா?" என்று இங்கிலீஷில் கேட்டார். என்னுடையது இல்லை என்றேன். "என் பிள்ளைகளின் டீச்சர் போன மாதம் போனார். இப்போது வகுப்பில் சும்மா உட்கார்ந்துவிட்டு வருகிறார்கள். இனிமேல் இங்கே யார்தான் இருப்பார்கள்?" என்று சொல்லிவிட்டுத் தராசை இழுத்தார்.

உறையைத் தராசில் வைக்க வேண்டும். "ஒரு காகிதம் வைக்க மறந்துவிட்டேன்" என்று சொல்லிவிட்டு வெளியே வந்துவிட்டேன்.

திட்டமிட்டுச் செய்தேன் என்று சொல்ல முடியாது. நாளைக்குப் போடலாம் என்றுதான் நினைத்தேன். செவ்வாயன்று மழை பலமாக இருந்தது. புதனன்று மழை இல்லை, ஆனாலும் போகவில்லை. வியாழனன்று உறையை டிரங்குப் பெட்டியில் கல்யாணப் புடவைக்கு அடியில் வைத்தேன். வைத்த பிறகுதான் என்ன செய்கிறேன் என்று எனக்கே தெரிந்தது. அப்போதும் எடுக்கவில்லை. இரண்டு வாரம் தள்ளிப்போனால் என்ன ஆகிவிடும்? அதற்குள் நாடு அமைதியாகிவிட்டால்? அவர்களே மனசு மாறிவிட்டால்? மற்றவர்கள் வந்து படிவத்தை நீட்டும்போதெல்லாம் உட்கார்ந்து அடித்துக் கொடுத்தேன். அவர்கள் எல்லோரும் போகட்டும். இந்த ஒரு குடும்பம் இருக்கட்டும். கேட்க நியாயமாகத்தான் இருந்தது எனக்கு.

அக்கா பதினாறு நாள் கழித்து வந்தார். அப்பாவை அடக்கம் செய்துவிட்டு வந்திருந்தார். முகம் பாதியாக வற்றியிருந்தது. வேலியோரம் நின்று அப்பாவின் கடைசி நாட்களைப் பற்றியெல்லாம் சொல்லிவிட்டு, "அந்த ரசீது?" என்று கேட்டார்.

"பத்திரமா இருக்குக்கா. தேடி எடுத்துத் தரேன்."

மறுநாளும் கேட்டார். "அவசரம் இல்ல" என்றார் தானாகவே. மூன்றாம் நாள் கேட்கவில்லை. அதுதான் என்னால் தாங்க முடியாததாகிவிட்டது. மத்தியானம் பெட்டியைத் திறந்து உறையை எடுத்துக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனேன். அக்கா சமையல்கட்டில் உட்கார்ந்து வாத்து முட்டைகளைத் துடைத்துக்கொண்டிருந்தார். உறையைப் பார்த்ததும், "திரும்பி வந்துடிச்சா?" என்றார்.

"இல்லக்கா. நான் போடவே இல்ல."

"மறந்துட்டியா?"

ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். அவரே வழி விட்டுக் கொடுத்தார். "மறக்கல. நீங்க போயிடக் கூடாதுன்னு வச்சுக்கிட்டேன்."

கையிலிருந்த முட்டையை மெதுவாகக் கூடையில் வைத்தார். எழுந்து கையைக் கழுவினார். உறையை வாங்கி, ஓரங்களைத் தடவி, பிரித்திருக்கிறதா என்று பார்த்தார். அவர் அப்படிப் பார்த்ததுதான் எனக்கு ரொம்ப வலித்தது. திட்டுவார் என்று காத்திருந்தேன். அவர் செருப்பை மாட்டிக்கொண்டு, குடையை எடுத்துக்கொண்டு, என்னைத் தாண்டி வெளியே நடந்தார். சுவா போகும் பஸ் நிற்கும் இடம்வரை அவர் போவது தெரிந்தது. தபாலை நம்பவில்லை. தூதரகத்தில் தன் கையாலேயே கொடுக்கப் போனார்.

அதன்பிறகு வேலியோரம் வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை நான் குடையோடு வாசலில் நின்றேன். அவர்கள் மூவரும் எனக்கு முன்பே புறப்பட்டுப் போயிருந்தார்கள். என் கணவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் முதல் தடவையாகப் பேனாவைக் கீழே வைத்தார். "இவ்வளவு கஷ்டமா இருக்குன்னு நீ எங்கிட்ட சொல்லலியே" என்றார். எனக்கு வந்த ஆத்திரத்தில் சிரித்துவிட்டேன். ஏழு மாதமாக வேறு என்ன சொல்லிக்கொண்டிருந்தேன்?

பன்னிரண்டு நாள். பதின்மூன்றாம் நாள் காலையில் அக்கா கையில் ஒரு பிளாஸ்டிக் பையோடு வாசலில் நின்றார். தம்பிக்கு ஒரு கடிதமும், கணவரின் ஓட்டுநர் சான்றிதழுக்கு ஒரு நகலும் அடிக்க வேண்டும்.

"இதயும் அடிச்சுக் குடு" என்றார். பிறகு, "தபால்ல மட்டும் நானே போட்டுக்கிறேன்" என்றார்.

இரண்டையும் அப்போதே உட்கார்ந்து அடித்தேன். மன்னித்துவிடுங்கள் என்று சொல்ல வாயெடுத்தபோது, "பேசாத. எளுத்து தப்பிப்போவும்" என்றார். முடிந்ததும் ஒவ்வொரு வரியாக விரல் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் மடித்தார். வாசல்படி இறங்கும்போது திரும்பாமலே, "சோறு புசிச்சியா?" என்று கேட்டார். இல்லை என்றேன். "போயி புசி."

பழையபடி ஆகிவிட்டோம் என்று சொன்னால் பொய். வருவார், பேசுவார், சிரிப்பார். ஆனால் என்னிடம் எதையும் கொடுத்துவைக்க மாட்டார். வீட்டுச் சாவியைக்கூட, வெளியே போகும்போது, எதிர்வீட்டில் கொடுத்துவிட்டுப் போனார்.

அவர்களுக்கு அனுமதி வந்தபோது மறு வருடம் ஜூலை ஆகிவிட்டது. நான் உறையைப் போட்டிருக்க வேண்டிய அதே வாரத்தில் விண்ணப்பித்த இரண்டு குடும்பங்கள் மார்ச்சிலேயே போய்விட்டன. தாமதம் என்னாலா, தூதரகத்தில் குவிந்திருந்த கூட்டத்தாலா என்று யாராலும் சொல்ல முடியாது. அந்த நான்கு மாதத்தில் அக்காவின் கணவர் தினமும் அந்தப் பாலத்தைக் கடந்து பஸ் ஓட்டினார். சாவடி நெருங்கும்போது எப்படி இருந்திருக்கும் என்று நான் அவரைக் கேட்டதில்லை. பஸ் வீடு திரும்பும் சத்தம் கேட்கும்வரை எனக்கு வேலை ஓடாது.

வழியனுப்ப நாங்களும் விமான நிலையம் இருந்த நாண்டிக்குப் போனோம். அங்கே மார்டின்டார் பகுதியில் அவர்களுடைய உறவினர் வீட்டில் மத்தியானம் சாப்பிட்டுவிட்டு விமான நிலையம் போனால், உள்ளே கால் வைக்க இடமில்லை. போகிறவர் ஒருவருக்கு அழுகிறவர் பத்துப் பேர். அக்கா அழவில்லை. மகளின் கையைப் பிடித்துக்கொண்டு பெட்டிகளை மூன்று தடவை எண்ணினார். என்னைக் கட்டிக்கொண்டு, "உன் வீட்டுக்காரரு நல்லவரு, லேகின் காது கேக்காது. சத்தமா சொல்லு" என்றார். கூட்டம் தள்ளிக்கொண்டு போய்விட்டது.

திரும்பி வரும் பஸ்ஸில், "இன்னும் ஒண்ணரை வருஷம்தான்" என்றார் என் கணவர், ஆறுதலாக. பாதி வழியில் சிங்கடோக்கா ஊர் வரும்வரை அவரோடு பேசவில்லை. அங்கே இறங்கி வேகவைத்த சோளம் வாங்கி வந்தார். பசி. வாங்கித் தின்றேன். பிறகு, பஸ்ஸில் இருந்தவர்கள் திரும்பிப் பார்க்கும் அளவுக்குச் சத்தமாக, எல்லாவற்றையும் முதலிலிருந்து சொன்னேன். நவுவா வரும்வரை அவர் குறுக்கே பேசாமல் கேட்டார். அடுத்த நாளே ஊருக்குப் போகலாமென்று சொல்வார் என்று ஒரு ஆசை. சொல்லவில்லை. ஒன்றரை வருடம் பதினோரு வருடமானது.

அக்கா ஆக்லாந்திலிருந்து எழுதுவார். ரோமன் எழுத்தில் எழுதிய தமிழ், வாய்விட்டுப் படித்தால்தான் புரியும். பிஸ்கட் தொழிற்சாலையில் பொட்டலம் கட்டும் வேலை, குளிர், முழங்கால் வலி, மகளின் படிப்பு, பஸ் ஓட்டாமல் வீட்டில் உட்கார முடியாத கணவர் என்று பக்கம் பக்கமாக வரும். தாமதம் என்னால்தானா, அங்கே யாராவது ஏதாவது சொன்னார்களா என்று இரண்டு கடிதங்களில் கேட்டேன். மற்ற எல்லாக் கேள்விக்கும் ஒன்று விடாமல் பதில் எழுதியிருந்தார். மூன்றாவது கடிதத்தில் நான் கேட்கவில்லை.